அடுத்து எது முறியும்? மலைப்பாதை ஜீப்பில் முன் ஆக்சில் மாற்றும் முன்

தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் பக்கத்து எஸ்டேட் ஜீப்புகளில் முன் ஆக்சில் போவது எங்கள் பட்டறைக்குப் பழகிய வேலை. காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில்தான் அதிகம் வரும். வடகிழக்குப் பருவமழை மண்ணை அரித்து, பாதையில் பாறையும் உருட்டுக்கல்லும்தான் மிஞ்சியிருக்கும். வண்டியில் மூட்டையும் ஏறியிருக்கும், ஆட்களும் ஏறியிருப்பார்கள். இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. மாருதி ஜிப்ஸியோ மஹிந்திரா தாரோ வாங்கி, பெரிய டயர் மாட்டி, விடுமுறை நாளில் கீழ்ப்பழனி மலையின் தனியார் எஸ்டேட் தடங்களில் ஓட்டுகிற இளைஞர்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, தடியான ஆக்சிலாப் பார்த்துப் போட்டுக் குடுங்க. இனிமே உடையவே கூடாது."

உடையவே உடையாத ஆக்சில் என்று ஒன்று கிடையாது தம்பி. சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்டைப் பலப்படுத்தினால் விசை கிராஸுக்குப் போகும்; ஷாஃப்டின் இரண்டு துண்டையும் மடங்கவிட்டு இணைக்கிற, கூட்டல்குறி வடிவ மூட்டு அது. கிராஸையும் பலப்படுத்தினால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்கோ, ஆக்சிலின் உள்ளே இருக்கிற கிரவுன் பினியன் பற்சக்கரங்களுக்கோ, இவற்றை மூடியிருக்கிற ஹவுசிங்குக்கோ போகும். காசைச் செலவழிக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, அடுத்து எது முறிய வேண்டும் என்பதைத்தான். காட்டுக்குள் அரை மணி நேரத்தில் கழற்றி மாட்டக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும். முறிந்தாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ளாததாக இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். என்ஜின் 150 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் 4 மடங்கு, ஏற்றத்துக்கான லோ கியரில் 2.5 மடங்கு, கிரவுன் பினியனில் 5 மடங்கு. பெருக்கினால் 50 மடங்கு, அதாவது 7,500 நியூட்டன் மீட்டர். சாதாரணமாக இது முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்துவிடும். பின்சக்கரங்கள் பிடி இழந்து சுற்றினால் பெரும்பகுதி முன் ஆக்சில் தலையில் வந்து விழும். ஆனால் டயருக்கு எவ்வளவு பிடி இருக்கிறதோ அவ்வளவுதான் ஷாஃப்ட் மேல் ஏறும். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிவிடும். சேற்றில் ஆக்சில் அவ்வளவாக முறியாததற்குக் காரணம் இதுதான். காய்ந்த பாறையில் டயர் வழுக்காது, அதனால் இரும்பு விட்டுக்கொடுக்கிறது.

28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால் நெம்புகோல் நீளம் மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். எடை கூடுவது தனி, காற்றைக் குறைத்து ஓட்டும்போது பிடி கூடுவது தனி. டயரை மாற்றிய அன்றைக்கே ஆக்சிலின் கணக்கும் மாறிவிட்டது.

பாறையை விட எனக்கு அதிகக் கவலை தருவது சிமெண்ட். எஸ்டேட் தடங்களில் ஏற்றமான வளைவுகளில் இப்போது காங்கிரீட் போட்டுவிடுகிறார்கள். மண்தடத்தில் போட்ட ஃபோர் வீலை (நான்கு சக்கர இழுவையை) எடுக்காமலே அந்த வளைவிலும் ஏறுகிறார்கள். வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம் போகும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டு ஆக்சிலையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொல்லும். மண்ணில் டயர் கொஞ்சம் தேய்ந்து நழுவி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காங்கிரீட்டில் நழுவாது, முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஃபோர் வீல் லிவர் கழற வராமல் இறுகிப்போயிருந்தால் முறுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். நேராகக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், லிவர் இளகிவிடும். லிவரை அடித்துக் கழற்றாதீர்கள்.

அந்த வளைவுகளில் பல ஒரே திருப்பில் முடியாது. நிறுத்தி, ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் ஏற வேண்டும். கோணம் கூடக் கூட கிராஸின் முனைகள் மேல் விழும் பாரமும் கூடும். முழு ஒடிப்பில் லோவில் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் போச்சு. அதைவிட மோசம், முகம் பள்ளத்தைப் பார்த்து நிற்கிற வண்டியை ஒடித்தபடியே பின்பக்கமாக மேட்டில் ஏற்றுவது. அப்போது எடையின் பெரும்பகுதி முன் ஆக்சில் மேல் சாய்ந்திருக்கும். முடிந்தவரை சக்கரத்தை நேராக்கிக்கொண்டு ஆக்சிலேட்டர் கொடுங்கள். சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் காலை எடுத்துவிடுங்கள். சுற்றுகிற சக்கரம் பாறையில் வந்து உட்காரும் நொடியில்தான் ஷாஃப்ட் முறியும். வண்டி துள்ளித் துள்ளி ஏறினாலும் அப்படித்தான்.

முறிந்த ஷாஃப்டை வழியிலேயே எறிந்துவிட்டு வராதீர்கள், பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி மங்கலாக, கறுத்து, வழவழவென்றும், மிச்சம் பளபளவென்று மணல்மணலாகவும் இருந்தால் அது பழைய விரிசல். எப்போதோ தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், இன்றைக்கு விட்டிருக்கிறது. ஹவுசிங் வளைந்திருக்கிறதா, துருக்குழி இருந்ததா என்று தேட வேண்டும். முகம் முழுக்கப் புதிதாக இருந்தால் ஒரே அடியில் போனது. டயரையும் ஓட்டுகிற முறையையும் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் முனையில் இருக்கிற ஸ்ப்ளைன் பற்கள் நேராக ஓடாமல் துணி பிழிந்த மாதிரி சாய்ந்திருந்தால், முறிவதற்கு முன் பலமுறை இரும்பு இளகி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதே தடிமனில் அதே இரும்பைத் திரும்பப் போட்டால் திரும்பவும் முறுக்கும். புது ஷாஃப்ட் மாட்டும்போது அதன் நீளவாக்கில் பெயிண்டால் ஒரு நேர்க்கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கோடு சாய்ந்திருந்தால் அது ஆயுளை முடித்துக்கொண்டது.

கிராஸையும் அப்படியே பாருங்கள். தேய்ந்த கிராஸின் முனையில் மாட்டிய கப்பைக் கழற்றினால் உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்பழுப்புப் பொடி இருக்கும். ஊசி பேரிங் பதிந்த தடம் முனையில் வரிவரியாக விழுந்திருக்கும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். ஓடையில் இறக்கி ஏற்றிய வண்டியில் ஆயில் சீல் போயிருந்தால் தண்ணீர் உள்ளே போய் இந்த வேலையைச் செய்யும். ஜிப்ஸியில் கிராஸுக்குப் பதில் சி.வி. ஜாயிண்ட், உள்ளே குண்டுகள் வைத்த மூட்டு. அதில் சீல் போனால் கியர் ஆயில் கிரீஸோடு கலந்து, சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற நக்கிள் வழியே ஒழுகும். ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அதற்கு மேல் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

காசு அதிகம் கேட்காத வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. நக்கிளில் ஸ்டீரிங் எவ்வளவு ஒடியலாம் என்று தடுக்கிற ஸ்டாப்பர் போல்ட். தேய்ந்திருக்கும், அல்லது வண்டி இன்னும் கொஞ்சம் திரும்பட்டும் என்று யாராவது உள்ளே தள்ளியிருப்பார்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முழுசாக ஒடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் கிராஸைப் பிடித்திருக்கிற யோக் காதுகள் ஒன்றையொன்று முட்டுகின்றன. அந்த வண்டிக்கு என்ன விலை ஷாஃப்ட் போட்டாலும் காது உடையும். முதலில் போல்ட்டைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் கிராஸ். நல்ல தரமான கிராஸ், கப் வெளியே நழுவாதபடி முழு வட்ட லாக். சாதாரண லாக் தெறித்தால் கப் நகர்ந்து வெளியே வரும், காது விரியும், உடையும். முறிந்த துண்டு நக்கிளுக்குள் குறுக்கே சிக்கினால் ஸ்டீரிங் அசையாது. கொண்டை ஊசி வளைவில், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் தடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையை எழுதியதே அந்த ஆபத்துக்காகத்தான்.

ஷாஃப்டுக்கு வருவோம். முறுக்குத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். பத்து சதவீதம் தடித்தால் பலம் 33 சதவீதம் கூடும். 25 மில்லிமீட்டரை 30 ஆக்கினால் 70 சதவீதத்துக்கு மேல். தடிமனைக் கூட்ட இடம் இல்லாத வண்டியில் இரும்பை மாற்ற வேண்டும். கோயம்புத்தூர் லேத்துகளில் இ.என். 24 என்ற உறுதியான எஃகு கேட்டால் கிடைக்கும்; வெளிநாட்டு ஷாஃப்டுகளில் 4340 என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் இ.என். 24 வாங்கிக் கடைந்து அப்படியே மாட்டினால் பாதிப் பலன்கூட இல்லை. முறையாக ஹீட் ட்ரீட்மெண்ட் செய்து, கடினத்தன்மையை ராக்வெல் அளவில் சோதித்து, எழுத்தில் வாங்குங்கள். தடிமன் மாறுகிற இடத்தில் கூர்மையான மூலை விடக்கூடாது, வளைவு கொடுக்க வேண்டும். லேத் கீறல் தெரியாமல் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நல்ல ஷாஃப்டில் நடுப்பகுதி ஸ்ப்ளைன் பல்லின் அடிப்பகுதியை விடச் சற்று மெலிந்தே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறார்கள். முறுக்கு ஒரே இடத்தில் குவியாமல் நீளம் முழுக்கப் பரவத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஷாஃப்டும் கிராஸும் பலமானபின் அடுத்தது எது? நான் பரிந்துரைப்பது லாக்கிங் ஹப், அதாவது சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டவும் பிரித்துவிடவும் உதவுகிற ஃப்ரீ வீல் ஹப். அது கொஞ்சம் பலவீனமாகவே இருக்கட்டும். சக்கரத்துக்கு வெளியே இருக்கிறது, சில போல்ட்டுகள் கழற்றினால் கையில் வந்துவிடும், முறிந்தாலும் ஸ்டீரிங்கைத் தொடாது. ஹப்பையும் சேர்த்து பலப்படுத்திவிட்டால் விசை கிரவுன் பினியனுக்குப் போகும். பழைய ஜீப் வகை முன் ஆக்சிலில் வண்டி முன்னால் போகும்போது கிரவுன் பற்களின் பின்முகம்தான் பாரம் தாங்கும், அது பலம் குறைந்த பக்கம். கிரவுன் பினியனைக் காட்டில் வைத்து மாற்ற முடியாது.

இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்கர் போடுவதைக் கடைசியாக வையுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தான் முறுக்கைக் கொடுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் அடுத்ததற்கும் குறைவாகவே போகும், அது ஷாஃப்டுக்கு ஒரு காவல். லாக்கர் போட்டால் ஆக்சிலின் முழு விசையும் ஒரே ஷாஃப்டில் ஏறலாம். பழைய ஷாஃப்டோடு லாக்கர் மட்டும் போட்டுத் தரச் சொல்கிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை.

ஹவுசிங் குழாய் மூட்டை எடையிலும் குதியலிலும் மெல்ல வளையும். டயர் உள்பக்கம் மட்டும் தேய்வதும், மாற்றிய சீல் மறுபடி மறுபடி ஒழுகுவதும் அதன் அடையாளம். பட்டை வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்தலாம். வெல்டிங்கை ஒரேயடியாக ஓட்டினால் சூட்டில் குழாயே கோணிவிடும். சின்னச் சின்னதாக, இடம் மாற்றி, ஆறவிட்டு ஓட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

2010இல் வந்த தாரின் சி.ஆர்.டி.இ. வகையில் முன்பக்கம் இந்தக் குழாய் ஹவுசிங் இல்லை, டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். உயரம் வேண்டும் என்று டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றினால் சி.வி. ஜாயிண்ட் நேர்ச்சாலையிலும் கோணத்திலேயே ஓடும். அதை மூடிய ரப்பர் பூட் கிழியும், மண் புகும். உயரத்தைக் குறைத்தாலே பாதி பிரச்சினை போய்விடும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே அளவில் தரமான ஷாஃப்ட், கிராஸ் மாற்றுவது பழுதுபார்ப்பு. வேறு வண்டியின் ஆக்சிலையே கொண்டுவந்து ஒட்டுவது வேறு கதை. விபத்து நடந்தால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. எவ்வளவு பலமான வண்டியாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் அதற்குள்ளும் புல்வெளிகளிலும் சக்கரத்தை இறக்காதீர்கள்.

அப்படியும் வழியில் முறிந்தால், வண்டிக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, ஸ்டீரிங் இரண்டு பக்கமும் தடையில்லாமல் முழுசாகத் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். இறுகினால் அசைக்காதீர்கள், ஷாஃப்டை உருவி எடுத்த பிறகுதான் நகர்த்த வேண்டும். பழைய ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் சக்கரம் ஸ்பிண்டில் மேல் தனியாக நிற்பதால் ஷாஃப்ட் இல்லாமலும் உருளும். ஒரே கட்டாக வரும் ஹப் பேரிங் உள்ள வண்டியில் ஷாஃப்டின் வெளித்துண்டு இல்லாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்துவிடும். ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் இரண்டையும் திறந்துவிட்டு, லிவரை லோவிலேயே வையுங்கள்; பின்சக்கரத்துக்கு மட்டும் லோ கிடைக்கும், ஆட்களை இறக்கிவிட்டு மெதுவாக இறங்கலாம். வண்டியில் எப்போதும் இரண்டு கிராஸ், கிராஸ் மாட்டித் தயாராக வைத்த ஒரு ஷாஃப்ட், ஒரு ஹப், லாக் கழற்றும் பிளையர், கிரீஸ் இருக்கட்டும். இடது, வலது ஷாஃப்ட் நீளம் வேறு என்றால் இரண்டும் வேண்டும்.

புது வேலை முடிந்து முதல் மலைப்பயணம் போய் வந்ததும் நக்கிள் போல்ட், ஹப் போல்ட், யு போல்ட்டை டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். முன் ஹவுசிங் ஆயிலை ஒரு வெள்ளைத் துணி மேல் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மினுமினுவென்று மாவு மாதிரி தெரிந்தால் புதுப் பற்கள் பழகுகின்றன, ஆயிலை மாற்றினால் போதும். விரலில் நெருடுகிற துண்டு வந்தால் அன்றைக்கே ஹவுசிங்கைத் திறந்தாக வேண்டும்.