அப்கிரேட் செய்தபின் பழைய சர்வர் எழவில்லையா? எங்கே நின்றது என்று பாருங்கள்

டெபியன் லினக்ஸை 11-லிருந்து 12-க்கு ஏற்றியாகிவிட்டது, எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்ததுபோலத்தான் இருந்தது, ரீபூட் கொடுத்துவிட்டு எஸ்எஸ்எச்சில் (இன்னொரு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) திரும்ப நுழையப் பார்த்தால் பதிலே இல்லை. பிங் கூடப் போகவில்லை. மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாமல் அலமாரிக்கு அடியில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப்தான் உங்கள் சர்வர் என்றால் இது சகஜம். உடனே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கிருந்தாவது ஒரு மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டி, திரை எந்த வரியோடு நிற்கிறது என்று பாருங்கள். பாதி விடை அந்த வரியிலேயே இருக்கும்.

ஏனென்றால் கணினி எழுவது ஒரே வேலை இல்லை. மதர்போர்டில் உள்ள பயாஸ், பூட்லோடரான கிரப்பை எழுப்பும், கிரப், இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுப்பும், கெர்னல், சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியை எழுப்பும், சிஸ்டம்டி மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். அப்கிரேட், பயாஸைத் தவிர இந்த வரிசையில் எல்லாரையும் மாற்றிவிடுகிறது. ஆகவே ஆள் பழையவர், அவரிடம் வந்துசேரும் பொருள் புதியது என்று ஏதாவதொரு இடத்தில் ஒத்துப்போகாமல் போகலாம்.

முதல் இடம் கிரப். பழைய பயாஸ் இயந்திரங்களில் டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட்தான், அதிலும் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். அதற்குள் என்னதான் எழுத முடியும்? அதனால் கிரப் தன்னை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது: முதல் செக்டரில் ஒரு துளி, அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் அதன் மையப்பகுதி, மற்ற மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் துண்டுகள்) எல்லாம் பூட் அடைவுக்குள் சாதாரணக் கோப்புகளாக. அப்கிரேட் நடக்கும்போது மையப்பகுதியும் மாட்யூல்களும் சேர்ந்தே மாற வேண்டும். ஆனால் மையப்பகுதியை எந்த டிஸ்கில் எழுதுவது? முன்பு நிறுவியபோது நீங்கள் சொன்ன பதிலைத்தான் அது நினைவில் வைத்திருக்கும். நடுவில் பழைய டிஸ்கைப் புதியதற்குக் குளோன் செய்து மாற்றியிருப்பீர்கள், கேபிள் இடம் மாறியிருக்கும், இரண்டாவதாக ஒரு டிஸ்க் சேர்ந்திருக்கும். கிரப் தப்பான டிஸ்கில் எழுதிவிட்டுப் போய்விடும். பயாஸோ வழக்கமான டிஸ்கிலிருந்து பழைய மையப்பகுதியை எடுக்கும், அது போய்ப் புது மாட்யூலைத் தொடும், அவ்வளவுதான்.

2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க கிரப்புக்கு அப்டேட் வந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. புது மாட்யூல்கள் 'கிரப்_காலக்' என்ற ஃபங்ஷனைத் தேடின, பழைய மையப்பகுதியில் அப்படி ஒன்று கிடையாது, 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லிவிட்டு இயந்திரங்கள் கிரப் ரெஸ்க்யூ திரையில் நின்றுவிட்டன. பயமுறுத்தும் திரைதான், ஆனால் சரிசெய்வது எளிது: லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, உங்கள் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக அதற்குள் போய், பயாஸ் உண்மையில் எந்த டிஸ்கிலிருந்து எழுகிறதோ அதில் கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால் போதும். பார்ட்டிஷனில் அல்ல, முழு டிஸ்கில். அதாவது எஸ்டிஏ1 இல்லை, எஸ்டிஏ. அப்புறம் மறக்காமல் கிரப்-பிசி பொதியை மறுபடி கான்ஃபிகர் செய்து சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டிலும் இதே கதைதான்.

கிரப் மெனு வந்து, கெர்னல் ஓடத் தொடங்கி, 'ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று பேனிக் ஆகி நின்றால் சந்தேகப்பட வேண்டியது இனிட்ராம்எஃப்எஸ் என்ற பொட்டலத்தை. டிஸ்கைப் படிக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவரே டிஸ்கில்தான் இருக்கிறது. இந்தக் கோழி-முட்டைச் சிக்கலைத் தீர்க்க, தேவையான டிரைவர்களை மட்டும் ஒரு சிறு பொட்டலமாக்கி கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பழைய நிறுவல்களில் பூட் பார்ட்டிஷன் தனியாக, சில நூறு எம்பிதான் இருக்கும். அதில் பழைய கெர்னல்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்க, புது கெர்னல் வரும்போது இடம் தீர்ந்துபோய் பொட்டலம் பாதியிலேயே நின்றுவிடும். அப்கிரேட் ஓடியபோது இடமில்லை என்று ஒரு வரி நிச்சயம் வந்திருக்கும், ஆயிரம் வரிகளுக்கு நடுவில் யார் பார்த்தார்கள்! கிரப்பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பட்டியலில் பழைய கெர்னல் இன்னும் இருக்கும். அதில் எழுந்து, தேவையில்லாத கெர்னல்களை நீக்கிவிட்டு, பொட்டலத்தை மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

அதையும் தாண்டி, ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி ஒன்றரை நிமிடம் நட்சத்திரக் குறிகள் அங்குமிங்கும் ஓடி, பிறகு எமர்ஜென்சி மோட் வந்தால் எழும்போது மாட்ட வேண்டிய டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள். எப்போதோ கழற்றி வைத்த பேக்கப் டிஸ்கின் வரி அதில் அப்படியே இருக்கும். சிஸ்டம்டிக்கு முந்திய பழைய இனிட் முறையில் இதற்கெல்லாம் இவ்வளவு கெடுபிடி இல்லை. டெபியன் 8 முதல், அதாவது 2015 முதல், இயல்பாக வரும் சிஸ்டம்டியோ பட்டியலில் உள்ள டிஸ்க் இல்லாமல் மேலே போக மாட்டேன் என்கிறது. அந்த வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் விட்டுவிடும். டிஸ்கை எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் அதையும் யுயுஐடியாக (பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்) மாற்றிவிடுங்கள், அந்தப் பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறலாம்.

சரி, லாகின் திரையே வந்துவிட்டது, நெட்வொர்க் மட்டும் இல்லை என்றால்? பெயர் மாறியிருக்கலாம். முன்பு எல்லா லேன் கார்டும் ஈத்0, ஈத்1தான். இப்போது 'ஈஎன்பி3எஸ்0' மாதிரி வருகிறது; ஈஎன் என்றால் ஈதர்நெட், மற்றது பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயர். நெட்வொர்க் அமைப்பைச் சொல்லும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் பழைய பெயர் இருந்தால் ஐபி முகவரி யாருக்கும் போய்ச் சேராது. வைஃபை கார்டாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏறும் நிரல்) பொதிகளை 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று தனிப் பிரிவாக்கிவிட்டார்கள், அதை, பொதிகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் சேர்க்காவிட்டால் அவற்றுக்குப் புதுப் பதிப்பு வராது.

32 பிட் மட்டுமே தெரிந்த, பழைய இன்டெல் ஆட்டம் என்270 மாதிரி பிராசசர் உள்ள இயந்திரம் என்றால் 12-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்குக் கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை.

எல்லாம் எழுந்தபின்னும் ஒன்று பாக்கி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்தால், டெபியன் 11-இல் இருந்தது பதிப்பு 13, 12-இல் வருவது 15. பழைய தரவு அடைவை 15 அப்படியே திறக்காது. அதனால் டெபியன் பழைய பதிப்பையும் பக்கத்திலேயே விட்டுவைக்கிறது, பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கட்டளையால் நீங்கள்தான் தரவை மாற்ற வேண்டும். அது முடியும்வரை, தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் பக்கமே போகாதீர்கள். 13-ஐ நீக்கிவிட்டால் தரவு டிஸ்கில் இருந்தும் அதைத் திறக்க ஆள் இருக்காது.