பழைய மில்லிங் மெசின் அளவு தப்பினால்: கம்ப்யூட்டரைத் தொட முன் டயல் கேஜ்

கையால் சுற்றிய மில்லிங் மெசினுக்கு ஸ்டெப்பர் மோட்டர் (பல்ஸ் எனும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி சுழல்வது) பூட்டி சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெசின்) ஆக்கியவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அளவு நிக்குதில்லை." உடனே சொப்ட்வெயருக்குள் போய் பேக்லாஷ் (திசை மாறும்போது மேசை அசையாமல் வீணாகும் ஆட்டம்) எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். சொத்தைப் பல்லுக்குப் பனடோல் போட்ட கதைதான்.

பிழையின் குணத்தை முதலில் பாருங்கள். 20 மி.மீ.க்கு 0.32, 100 மி.மீ.க்கு 1.6 என்று தூரத்தோடு சேர்ந்து வளர்ந்தால் மெசினில் பழுதில்லை, கணக்கில்தான் பிழை. பழைய பிரித்தானிய மெசின்களில் மேசையை நகர்த்தும் ஸ்குரூ அங்குலத்துக்கு 5 புரி வெட்டியதாக இருப்பது சாதாரணம். அதன் பிச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மி.மீ. அல்ல, 5.08. சுற்றுக்கு 2,000 பல்ஸ் என்றால் மில்லிமீற்றருக்கு 400 அல்ல, 393.70.

அடுத்து, மேசையை 50 மி.மீ. போய் வரும்படி 100 தடவை ஓடவிட்டு, தொடங்கிய இடத்துக்கு வந்து நிற்கிறதா என்று டயல் கேஜில் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருந்தால் பல்ஸ் சிக்னல் தலைகீழாக அமைக்கப்பட்டிருக்கலாம். திரும்பும்போதெல்லாம் ஒரு பல்ஸ் தொலையும். நகர்வு ஒழுங்கில்லாமல் இருந்தால் கிப் (மேசைத் தடத்தின் இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) இறுக்கம், கூடிய வேகவளர்ச்சி, அல்லது தண்டில் வழுக்கும் புல்லி. புல்லியையும் தண்டையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் வழுக்கல் கண்ணுக்கே தெரியும்.

இந்த இரண்டும் இல்லையென்றால்தான் பேக்லாஷ். அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மோட்டருக்கு மின் கொடுத்துப் பிடித்தபடி வையுங்கள். ஒரு டயல் மேசையில். ஸ்குரூ நுனியின் சென்ரர் துளைக்குள் கிறீஸ் தடவி ஒரு சின்ன இரும்புக் குண்டை ஒட்டி, தட்டை முனையுள்ள இரண்டாவது டயலை அதில் வையுங்கள். இப்போது மேசையை இரண்டு கையாலும் தள்ளி இழுங்கள். மேசை 0.12 அசைந்து குண்டு 0.05 அசைந்தால், அந்த 0.05 ஸ்குரூவைத் தாங்கும் பெயரிங்கின் ஆட்டம். ஸ்குரூ சுழலவில்லையென்றால் மிச்சம் 0.07 ஸ்குரூ ஓடும் நட்டில். சுழன்றால் பெல்ற் அல்லது கப்ளிங். பெயரிங் ஆடினால் நட்டை மாற்றுவது வீண் செலவு. பழைய பெயரிங்குக்குப் பதிலாக அங்குலர் கொன்ராக்ட் (நீளவாக்குத் தள்ளலையும் தாங்கும்) பெயரிங் சோடி போட்டு லொக் நட்டால் முன்னிறுக்கம் கொடுக்க வேண்டும்.

இதே அளவை இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் எடுங்கள். பழைய ஸ்குரூ நடுவில்தான் தேயும். ஓரத்தில் 0.08, நடுவில் 0.20 என்றால் சொப்ட்வெயரில் போடும் ஒரே எண் இரண்டுக்கும் பொருந்தாது. நடுவுக்கு நட்டை இறுக்கினால் ஓரத்தில் மேசை சிக்கிவிடும். அதோடு, கிளைம்ப் மில்லிங்கில் (கட்டரின் பல் வெட்டும் திசையிலேயே மேசை நகரும் முறை) கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்து அந்த இடைவெளிக்குள் விழுத்தும். கம்ப்யூட்டருக்கு அது தெரியவே வராது.

நம்மூர் விஷயம் இரண்டு. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெய்யிலில் 600 மி.மீ. உருக்கு ஸ்குரூ 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். விடியச் செட் செய்த பூச்சியத்தை மத்தியானம் நம்பவேண்டாம்.

மற்றது தண்ணீர். சுண்ணக்கல்லினூடாக ஊறிவரும் கிணற்றுத் தண்ணீர் வன்னீர் (சுண்ணாம்புச் சத்துக் கூடியது). அதில் வெட்டும் சூட்டைத் தணிக்கும் கூலன்ற் எண்ணெய் கலந்தால் பிரிந்து ஆடை கட்டும். காய்ந்தால் மேசை வழுக்கும் தடத்தில் பிசுபிசுப்பாகவும் வெள்ளைப் பொருக்காகவும் படிந்து, கிப்பை இறுக்கிய மாதிரியே இழுக்கும். மாரியில் பிடித்த மழைத் தண்ணீர் நல்லது. கலக்கும்போது எண்ணெயைத் தண்ணீருக்குள் ஊற்றுங்கள், தண்ணீரை எண்ணெய்க்குள் அல்ல.