சூடம் ஆக்ஸிஜன் ஆகாது

இந்தக் குளிர்காலத்தில் லடாக்கிலிருந்து எனக்கு வந்த மூன்றாவது நள்ளிரவு அழைப்பு அது. பாங்காங் ஏரிக்கரையில் ஒரு விடுதி. வெளியே மைனஸ் 20 டிகிரி. 14 மாதக் குழந்தை மாலையிலிருந்து ஓயாமல் அழுகிறது, இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டது, பாலைத் தொடவே மாட்டேன் என்கிறது.

"சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது டாக்டர். வாந்திக்கு ஒரு சிரப் சொல்லுங்கள்" என்றார் தந்தை.

லடாக்கின் முக்கிய நகரான லேவுக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். முந்தின நாள் காலைதானாம். மூச்சு எப்படி இருக்கிறது?

"அதற்குப் பயமில்லை டாக்டர். ஸ்வெட்டர் கழுத்தில் சூடம் முடிந்து வைத்திருக்கிறோம்."

இந்தச் சூடத்தைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியவில்லை. முகர்ந்தால் ஆக்ஸிஜன் கூடும் என்று யார் சொன்னார்களோ, மலைக்குக் கிளம்பும் எல்லாப் பைகளிலும் அது இருக்கிறது. உண்மையில் ஆக்ஸிஜன் துளியும் கூடுவதில்லை. மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைச் சூடம் தூண்டுகிறது. காற்று தாராளமாக உள்ளே போவதுபோல் தோன்றுகிறது. போவது அதே மெல்லிய காற்றுதான். நம்பாவிட்டால் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். பெரியவர்களுக்கு அது பொய்யான தைரியம், குழந்தைக்கோ நஞ்சு. கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் அதைக் கழுத்திலேயே கட்டலாமா? சிறு துண்டு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரலாம். பூஜை அறைச் சூடத்தைத் தின்று வலிப்போடு வந்த குழந்தைகளுக்கு நானே சிகிச்சை அளித்திருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் மருத்துவமனை இருந்தது.

லே இருப்பது 3,500 மீட்டர் உயரத்தில். டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் அங்கே இறக்கிவிடுகிறது. பாங்காங் இன்னும் மேலே, ஏறக்குறைய 4,250 மீட்டர். நாம் "தலை வலிக்கிறது" என்று சொல்வதைக் குழந்தை அழுதுதான் சொல்லும். உயரத்துக்குப் போன முதல் சில நாட்களில் காரணம் புரியாத அழுகை, வாந்தி, பால் மறுப்பு, விளையாட்டில் நாட்டமின்மை எதுவானாலும், வேறு நோய் என்று உறுதியாகும்வரை அதை, உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிரப் கொடுத்து விடியும்வரை காத்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம்.

உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் பாங்காங்கிலிருந்து லேவுக்கு இறங்க, முதலில் ஏற வேண்டும்! வழியில் சாங் லா கணவாய், 5,300 மீட்டருக்கும் மேல். பனி கொட்டினால் அந்தப் பாதை மூடிவிடும். அன்றிரவு திறந்திருந்தது, ஓட்டுநரிடம் ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருந்தது. குழந்தை பிழைத்து ஊர் திரும்பிவிட்டது.

கெஞ்சிக் கேட்கிறேன், கைக்குழந்தையோடு குளிர்காலத்தில் பாங்காங் வேண்டாம். லேயில் முதல் மூன்று நாட்கள் எங்கும் ஏறாமல் இருங்கள். குழந்தைக்குச் சளி, இருமல் இருந்தால் கிளம்பாதீர்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். இதயக் கோளாறு உள்ள குழந்தையை மருத்துவரைக் கேட்காமல் அழைத்துப் போகவே கூடாது. உயர நோய்க்காக நீங்கள் எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பிராந்தி ஒரு சொட்டும் கூடாது.

முதுகில் சுமந்து நடக்கும்போது உங்களுக்கு வேர்க்கும். அசையாமல் தொங்கும் குழந்தைக்கு அந்தச் சூடு கிடையாது. அடிக்கடி உள்ளே ஒதுங்கிக் கால்விரல்களைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்துச் சில்லிட்டிருந்தால் உங்கள் வயிற்றோடு அணைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள்.

கடைசியாக, அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு. அது எரியும் அறையில் சன்னல் இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. அதன் தொடக்கமும் தலைவலியும் வாந்தியும்தான். அன்றிரவு வண்டி வரும்வரை அந்தத் தந்தையை இரண்டு காரியம் செய்யச் சொன்னேன்: அடுப்பை அணைத்துச் சன்னலைத் திறப்பது, குழந்தையின் கழுத்திலிருந்து அந்த முடிச்சை அவிழ்த்து எறிவது.