நீர் இல்லாத 'நீர்மூழ்கி'

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்க அழைப்பிதழிலும் ஏறிவிட்டது: 'நீர்மூழ்கிக் குளிரூட்டல்'. தரவு மையத்து சர்வர் கணினிகளைத் திரவத்துக்குள் இறக்கிச் சூட்டை எடுக்கும் 'இம்மெர்ஷன் கூலிங்' முறைக்கு யாரோ வைத்த பெயர். இம்மெர்ஷன் லத்தீன் வழி வந்தது. அமிழ்த்துதல் என்று பொருள். நீர் என்ற பேச்சே அதில் இல்லை.

தொட்டியிலும் இல்லை. உள்ளே இருப்பது மின்சாரம் கடத்தாத திரவம்: கனிம எண்ணெய், செயற்கை எண்ணெய் அல்லது புளோரின் சேர்மம். வயலோரத்து டிரான்ஸ்பார்மரில் கம்பிச்சுருள்கள் எண்ணெயில் கிடக்கின்றனவே, அதே தத்துவம்தான். ஆனால் இந்தப் பெயரைக் கேட்பவர், ஆற்றுநீரில் சர்வரை முக்குகிறார்கள் என்றல்லவா நினைப்பார்! ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் ஊரில் இது சின்னக் குழப்பம் இல்லை. "குறுவைக்கே தண்ணீரைக் காணோம், கம்ப்யூட்டருக்கு வேறா?" என்றார் திருவையாற்று விவசாயி ஒருவர். தொட்டித் திரவம் சுற்றிச் சுற்றி வருவது. அது சுமந்துவரும் வெப்பத்தை வெளியே தள்ளும் இடத்தில் குளிர்விப்புக் கோபுரம் வைத்தால் நீர் ஆவியாகும். விசிறி வைத்துக் காற்றில் ஆற்றினால் ஆவியாகாது. அவர் கேட்க வேண்டிய இடம் அது. பெயரோ அவரைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

'மூழ்கி'யும் தவறு. தானே மூழ்குவதுதான் மூழ்கி. சர்வரை நாம் அமிழ்த்துகிறோம். 2018-இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளருகே மைக்ரோசாப்ட் கடலடியில் இறக்கிய உருளைக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். அதற்குள்ளும் சர்வர்கள் நைட்ரஜன் வாயுவில்தான் இருந்தன. இரண்டையும் ஒன்றென எழுதுகிறவர்களும் உண்டு. 'ஊட்டல்' இன்னொரு தொல்லை. குளிரை யாரும் ஊட்டவில்லை. நோவெக் 649 என்ற புளோரின் திரவம் 49 டிகிரி செல்சியஸில் கொதித்துத்தான் வெப்பத்தை எடுக்கும்.

தனித்தமிழ் அன்பர்கள் 'நீர்ம அமிழ்த்தல்' என்கிறார்கள், திரவம் வடசொல்லாம். பாடநூலில் நீர்மம் இருக்கட்டும், இங்கே அது மறுபடியும் தண்ணீரை ஊற்றுகிறது. மயிலாடுதுறை நண்பர் துலா முழுக்கை நினைத்து 'முழுக்குக் குளிர்விப்பு' என்றார். காதுக்கு இனிமைதான். ஆனால் முழுக்குப் போட்டவர் உடனே கரையேறிவிடுவார். சர்வர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். போதாக்குறைக்கு, முழுக்குப் போடுவது என்றால் கைவிடுவது என்றும் பொருள்.

தொட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்ல? நான் 'திரவத்தில் அமிழ்த்திக் குளிர்வித்தல்' என்றே எழுதுகிறேன். நீளம்தான். எண்ணெய் மட்டும் நிரப்பிய தொட்டி என்றால் 'எண்ணெயில் அமிழ்த்தல்' போதும்.