மூன்று லிதா வந்த ஆண்டு

கி.பி. 725-ல், வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி காலக்கணிப்பு பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். ஈஸ்டர் தேதியைக் கணிப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். ஆனால் கிறிஸ்தவம் வருமுன் தம் மக்கள் மாதங்களை எப்படி எண்ணினார்கள் என்பதற்கும் அதில் ஒரு சிறு அத்தியாயம் ஒதுக்கினார். பழைய ஆங்கிலேயரின் நாட்காட்டி பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சில பக்கங்கள் தந்தது.

நடுக்குளிரில், டிசம்பர் 25-ஐ ஒட்டி வந்த 'அன்னையர் இரவு' அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. அதற்கு முன்னும் பின்னும் வரும் இரு மாதங்களுக்கும் யூலி என்றே பெயர். நடுக்கோடையின் இரு மாதங்களும் லிதா. அக்டோபர் வாக்கில் வரும் பௌர்ணமியோடு குளிர்காலம் தொடங்கும். நவம்பரில் கால்நடைகளை அறுத்துத் தெய்வங்களுக்குப் படைப்பார்கள்.

பருவத்தை உண்டாக்குவது சூரியன். அப்படியிருக்க, மாதங்களை நிலவை வைத்து எண்ணியது எதற்கு? ஜாரோ இருக்கும் 55 பாகை அட்சரேகையில், மார்ச் மாதச் சூரியன் உதிக்கும் இடம் ஒரே நாளில் தன் விட்டத்தைவிட அதிகமாக நகரும். டிசம்பர் 21-ஐ ஒட்டியோ ஒரு வாரம் ஆனாலும் அந்த அளவு நகராது. தெற்கே நகர்ந்து வந்த சூரியன் எந்த நாளில் வடக்கே திரும்பியது என்று வெறுங்கண்ணால் அறுதியிட முடியாது. பிறையும் பௌர்ணமியும் அப்படியல்ல. வயலில் நிற்பவருக்கும் தெரியும். ஊர் கூடிக் கொண்டாட வேண்டிய நாளை நிலவிடம் விட்டது மிகத் தெளிவான முடிவு என்றே நினைக்கிறேன்.

சிக்கல் வேறிடத்தில். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக 29.53 நாட்கள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாட்கள். சூரிய ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. அப்படியே விட்டால் திருவிழாக்கள் பருவம் பருவமாக நழுவும். ரமலான் கோடைக்கும் மழைக்கும் மாறி மாறி வருவது இதனால்தான்.

அந்த மக்கள் நழுவ விடவில்லை. தேவைப்பட்ட ஆண்டில் கோடையில் ஒரு மாதத்தைக் கூட்டி, மூன்று லிதா வைத்தார்கள். அந்த ஆண்டுக்குத் 'திரிலிதி' என்று பெயர் என்கிறார் பீட். எப்போது தேவைப்படும்? சூரியன் திரும்பிய பின் 11 நாட்களுக்குள் ஆண்டின் முதல் பிறை தெரிந்தால், அடுத்த திருப்பத்துக்குள் பதின்மூன்றாவது பிறையும் பிறந்துவிடும். அதாவது, ஆண்டுத் தொடக்கத்திலேயே இதைக் கணித்துவிடலாம். 19 ஆண்டுகளில் இப்படி 7 முறை கூட்ட வேண்டியிருக்கும்.

இந்த 19 வியப்பான எண். 19 சூரிய ஆண்டுகளும் 235 நிலா மாதங்களும் சுமார் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன. கி.மு. 432-ல் ஏதென்ஸில் மெட்டன் என்ற வானியலாளர் அறிவித்த சுழற்சி இதுவே. பீட் ஈஸ்டரைக் கணித்ததும் இதை வைத்துத்தான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பதால், அந்தத் திருநாள் இன்றும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே நகர்ந்துகொண்டிருக்கிறது.