மாடு நின்றால் மட்டும் போதாது: டெக்சஸில் நிலம் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

அக்டோபர் கடைசியில் டாலஸ் பக்கமிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். “அண்ணா, வரி பில்லில் ஏதோ தப்பு இருக்கு. பழைய ஓனருக்கு நாற்பது டாலர் வந்த இடம், எனக்கு ஆறாயிரம் போட்டிருக்காங்க.” காஃப்மன் கவுண்டியில் 12 ஏக்கர் வாங்கியிருந்தார். விளம்பரத்தில் ‘ஆக் எக்ஸெம்ப்ட்’, அதாவது விவசாய நிலம், நிலவரி குறைவு என்று இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரின் கருப்பு மாடுகள் அவர் வாங்கும் முன்பும் மேய்ந்தன, வாங்கிய பிறகும் மேய்ந்துகொண்டிருந்தன.

பில்லில் தப்பே இல்லை. அந்தச் சலுகைக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை, அவ்வளவுதான். போட வேண்டும் என்று ரியல்டரும் சொல்லவில்லை, பத்திரம் முடித்த கம்பெனியும் சொல்லவில்லை. இதே கதையை நான் இப்போது பலரிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் எக்ஸெம்ப்ஷன் என்கிறார்கள். உண்மையில் இது வரிவிலக்கு இல்லை, மதிப்பீட்டு முறை. நிலத்தை விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்காமல், விவசாயத்தில் அது என்ன சம்பாதிக்கும் என்று பார்த்து வரி போடுவார்கள். 1978-இல் டெக்சஸ் அரசியல் சாசனத்தில் சேர்த்த பிரிவு இது. படிவங்களில் ‘1-டி-1’ என்று இருக்கும். பின்னணி இவ்வளவு போதும்.

இந்தச் சலுகை, நிலத்தோடு தானாக உங்களிடம் வராது. உரிமையாளர் மாறினால் புது உரிமையாளர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாடுகள் ஒரு நாள்கூட நகராமல் அங்கேயே நின்றாலும் இதுதான் விதி. வழக்கு வம்பு வரக்கூடாதென்று நிலத்தை உங்கள் சொந்த எல்எல்சி (சிறு நிறுவனம்) பெயருக்கு மாற்றினாலும் உரிமையாளர் மாறியதாகவே கணக்கு. கணக்காளர் சொன்னார் என்று மாற்றிவிட்டு, மறு விண்ணப்பம் போடாமல் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

விண்ணப்பம் 50-129 என்ற படிவம். ஏப்ரல் 30-க்குள் அந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிடம், அதாவது நில மதிப்பைப் போடும் அலுவலகத்திடம், போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால், மதிப்பீட்டு மறுஆய்வுக் குழு அந்த வருடப் பதிவேட்டை அங்கீகரிக்கும் வரை, அதாவது பெரும்பாலும் ஜூலை வரை, தாமதமாகக் கொடுக்கலாம். அப்போது மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம். அந்தக் கதவும் மூடிவிட்டால் அந்த வருடம் போனதுதான். தம்பிக்கு வசந்த காலத்திலேயே மதிப்பீட்டு நோட்டீஸ் வந்திருந்தது. அதில் முழுச் சந்தை மதிப்பு இருந்தது. ஏதோ தகவல் என்று டிராயரில் போட்டுவிட்டார். பில் வரும்போது ஜூலை தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்தது.

படிவத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. நடப்பு வருடத்திலிருந்து பின்னோக்கிப் போய், ஒவ்வொரு வருடமும் அந்த நிலத்தில் என்ன செய்தார்கள், எத்தனை ஏக்கரில் செய்தார்கள் என்று நிரப்ப வேண்டும். கடந்த ஏழு வருடங்களில் ஐந்து வருடமாவது விவசாயப் பயன்பாடு இருந்திருக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே இருக்கும் நிலத்துக்கு இது. நகர எல்லைக்குள் என்றால் விதி இன்னும் இறுக்கம், பொதுவாக முந்தைய ஐந்து வருடமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நேற்று வாங்கிய உங்களுக்கு இந்த வரலாறு எப்படித் தெரியும்? விற்றவருக்குத் தெரியும். பணம் கைமாறுவதற்கு முன்பே அவரிடம் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு அவர் போனை எடுப்பார் என்று நம்பாதீர்கள்.

அடுத்தது மாடுகளின் எண்ணிக்கை. அந்த வட்டாரத்தில் சாதாரணமாக என்ன அளவுக்குக் கால்நடை வளர்க்கிறார்களோ அந்த அளவுக்கு நீங்களும் வளர்க்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் சாரம். அந்த அளவு கவுண்டிக்குக் கவுண்டி மாறும். மழை பெய்யும் கிழக்கில் ஒரு பசுவுக்குச் சில ஏக்கர் போதும், வறண்ட மேற்கில் பல மடங்கு வேண்டும். மேய்ச்சலுக்கு இத்தனை ஏக்கராவது வேண்டும் என்று பல கவுண்டிகள் தனியாக வரம்பும் வைத்திருக்கின்றன. ஆகவே ஆஸ்டின் நண்பர் சொன்ன கணக்கு உங்களுக்கு உதவாது. உங்கள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் வழிகாட்டியை இணையதளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். 200 ஏக்கர் பண்ணையிலிருந்து வெட்டி விற்ற 10 ஏக்கர் துண்டு என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பெரிய பண்ணை தகுதி பெற்றிருந்தது. உங்கள் துண்டு தனியாகத் தகுதி பெறுமா என்பது வேறு கேள்வி. பிள்ளைகள் சவாரி செய்ய வாங்கிய குதிரையும், ஆசைக்கு வளர்க்கும் இரண்டு கழுதையும் கணக்கில் வராது.

மாடு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்குத்தான் விடுகிறார்கள். அவர் பணம் அதிகம் தரமாட்டார், வேலி பார்த்துக்கொள்வார். அது போதும். ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வேலி யார் பொறுப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எனக்கும் ஒருமுறை விண்ணப்பத்தை மறுத்தார்கள். ஆய்வாளர் வந்த நாளில் மாடுகள் குட்டைக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப் பின்னால் இருந்திருக்கின்றன. காலி நிலம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். குத்தகைக் காகிதமும், மாதம் ஒன்றாக எடுத்து வைத்திருந்த தேதியிட்ட படங்களும்தான் காப்பாற்றின. கேட்டருகே உப்புக்கட்டியை நக்கிக்கொண்டு நிற்கும் மாடுகள், பின்னணியில் என் கதவு எண். அப்படி ஒரு படம் பத்து விளக்கக் கடிதத்துக்குச் சமம்.

மறுப்புக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். போனில் பேசி ‘பார்க்கிறோம்’ என்று சொன்னதை நம்பி உட்கார்ந்தால் அந்த 30 நாள் ஓடிவிடும்.

இங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பிக்கும். பில் அனுப்புவது வரி வசூல் அலுவலகம். அங்கே போனால் ‘நாங்கள் வசூலிக்க மட்டும்தான், மதிப்புப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்’ என்பார்கள். இது உண்மைதான், முதல் நாளே அதைப் பில்லில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். மூன்றாவதாக ஒரு குழப்பம், மாநிலக் கம்ப்ட்ரோலர் (மாநில வரித் துறை) தரும் ‘ஆக்’ எண். அது வேலிக்கம்பி மாதிரி பண்ணைப் பொருள் வாங்கும்போது விற்பனை வரி கட்டாமல் இருக்க. நிலவரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தம்பதி அந்த எண்ணை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டி, “இதோ எக்ஸெம்ப்ஷன் வாங்கிட்டோமே” என்றார்கள். நிலவரிக்கு ஒரு காகிதம்கூட கொடுத்திருக்கவில்லை.

ஒருமுறை கிடைத்தால் வருடா வருடம் விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் தகுதி போய்விட்டது என்று நினைக்கக் காரணம் இருந்தால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தலைமை மதிப்பீட்டாளர் புது விண்ணப்பம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம். பதில் போடாவிட்டால் சலுகை போய்விடும். நீங்கள் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய அபார்ட்மென்டுக்குப் போகும். முகவரி மாறிய அன்றே எழுதிக் கொடுங்கள்.

இனி ரோல்பேக், அதாவது முன்பு குறைத்துக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்பது. மாடு இல்லாமல் நிலம் சும்மா கிடந்தால் சலுகை போகும், ஆனால் பழைய வரியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால்தான் கேட்பார்கள். மனை போடுவது, கடை கட்டுவது மாதிரி. அப்போது முந்தைய மூன்று வருடங்களுக்குக் குறைத்துக் கட்டிய வரி முழுவதும் சேர்ந்து வரும். 2019 வரை ஐந்து வருடம், வட்டியோடு இருந்தது. 2021-க்குப் பிறகு வட்டி இல்லை. தம்பியின் நிலத்துக்குக் கணக்குப் போட்டால் வருடம் ஆறாயிரம் வீதம் பதினெட்டாயிரம் டாலருக்குப் பக்கத்தில். இந்தக் கடன் நிலத்தின் மேல் நிற்கும், விற்றவர் மேல் அல்ல. ஒப்பந்தத்தில் ரோல்பேக் யார் பொறுப்பு என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிரீன் கார்டு இன்னும் வராதவர்களுக்கு ஒன்று. எச்-1பி விசாவில் இருந்துகொண்டு 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால், 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தை அமெரிக்க வேளாண் துறைக்குக் கொடுக்க வேண்டும். 1978-இன் மத்திய சட்டம் இது. தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட முடியும். டெக்சஸ் விண்ணப்பத்திலும் வெளிநாட்டவரா என்று ஒரு கேள்வி வரும், அந்தப் பதில் தகுதியையே பாதிக்கலாம். வருமான வரிக்கு நான் ரெசிடென்ட்தானே என்று நீங்களாக முடிவு செய்து டிக் அடிக்காதீர்கள். நிலம் வாங்கும் முன்பே ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

தம்பி அந்த வருடம் ஆறாயிரத்தையும் கட்டினார். ஜனவரி முதல் வாரத்திலேயே 50-129-ஐ நிரப்பி, குத்தகைக் காகிதத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். நீங்களும் முத்திரையோடு நகல் வாங்குங்கள். ‘வரவில்லை’ என்று அவர்கள் சொல்லும் நாளில் அந்த ஒரு காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.