முடிவு அடிவாரத்திலேயே

திங்கட்கிழமை சாயங்காலம் சேலத்தில் ஒரு தட்டுவடை செட் சாப்பிடுகிறோம். அந்தப் பீட்ரூட்டும் வெங்காயமும் காரச் சட்னியும் செரித்த பிறகு, சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள். சனிக்கிழமைக்குள் அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் குடல் தன் உள்தோலையே மாற்றிக்கொள்கிறது.

நுண்ணோக்கியில் குடல் சுவர் நம் சேர்வராயன் மலைத்தொடர் மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரியும். மேடுகள் குடலுறிஞ்சிகள். அவற்றின் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் இரண்டாகப் பிரிந்து புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள். அங்கே பிறக்கும் செல், பின்னால் பிறப்பவை தள்ளத் தள்ள மேலே ஏறி, உச்சியில் உதிர்கிறது. கிருமிகளைக் கொல்லும் பானெத் செல்கள் மட்டும் குழியின் அடியிலேயே தங்கி, வாரக்கணக்கில் வாழ்கின்றன.

சரி, ஒரு செல் சத்தை உறிஞ்சப் போகிறதா, வழவழப்பான சளியைச் சுரக்கப் போகிறதா? உச்சிக்குப் போய் அது முடிவாவதில்லை. குழியை விட்டுக் கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது.

எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். குழியின் அடியில் விண்ட் என்ற சமிக்ஞை வலுவாக இருக்கிறது. 'பிரிந்துகொண்டே இரு' என்பது அதன் கட்டளை. மேலே நகர நகர அது தேய்கிறது. ஏபிசி என்ற மரபணு பழுதானால் கட்டளை ஓய்வதே இல்லை. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன.

விண்ட் தேயும் இடத்தில் பக்கத்துச் செல்கள் பேசிக்கொள்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு செல்லில் ஏட்டோஎச்1 என்ற மரபணு கொஞ்சம் கூடுதலாக விழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே அது தன் மேற்பரப்பில் டெல்டா வகைப் புரதத்தை நீட்டி, அடுத்த செல்லின் நாட்ச் புரதத்தைத் தொடும். தொடப்பட்ட செல்லில் ஹெஸ்1 என்ற மரபணு விழித்து, அங்கே இருக்கும் ஏட்டோஎச்1-ஐ அடக்கிவிடும். தொட்டது சுரக்கும் செல்லாகிறது, தொடப்பட்டது உறிஞ்சும் செல்லாகிறது. ஒன்று சுரக்கத் தொடங்கினால் சுற்றியிருப்பவை உறிஞ்சப் போகும். அதனால்தான் உறிஞ்சும் செல்களே அதிகம். 2005-இல் எலிகளில் நாட்ச் சமிக்ஞையை நிறுத்திப் பார்த்தார்கள். குழிகளில் பிரிந்துகொண்டிருந்த செல்கள் சளி சுரப்பவையாக மாறிவிட்டன!

2009-இல் நெதர்லாந்தில் உயிரியலாளர் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழுவினர் ஒரே ஒரு ஸ்டெம் செல்லை எடுத்து, தேவையான சமிக்ஞைகளோடு கூழ்மத்தில் வைத்து வளர்த்தார்கள். குழியும் மேடுமாக, எல்லா வகைச் செல்லோடும், ஒரு குட்டிக் குடல் தானாகவே எழும்பியது.